ரோசெட்டாவின் காதில் வாரங்கூரி

ரோசெட்டா முதன்முதலாக ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிய செவ்வாய்க்கிழமை, எங்கள் பழங்குடி ஊரான வாரங்கூரியின் இருநூற்றுப் பதினான்கு பேருடைய இதயத்துடிப்பும் அவள் காதுக்குள் வந்து குடியேறியது; கழற்றி வைத்த பிறகும் போகவில்லை. ஊரில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆற்றில் கொடுவா மீன் பிடிக்கப் போனவர்கள் திரும்பத் தாமதமானால், வீட்டுப் பெண்கள் அவளிடம் வந்து கேட்பார்கள். "எல்லாம் ஓடுது, போய் மாவு பிசை" என்பாள். அவர்களும் ரொட்டிக்கு மாவு பிசையப் போவார்கள்.

சுகாதாரப் பணியாளர் படிப்பு ஒன்றரை வருடம். ஊர் கிளினிக்கில் வேலை, இரண்டு மாதத்துக்கொரு தடவை கேத்தரின் நகரத்தில் வகுப்பு. நானூறு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் இதயங்கள் விடாமல் கூடவே வந்தன. அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சர்க்கரை நோய்ப் பாடம் நடக்கும்போது எழுந்து ஜன்னலுக்குப் போவாள், கதவுக்குப் போவாள். "உக்காருடி, நாற்காலி ஒண்ணும் கடிக்காது" என்று பக்கத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். அவர்களுக்கென்ன தெரியும்? அந்த இருநூற்றுப் பதினான்கில் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால், வாஷர் தேய்ந்த குழாய்போல ஒரு சீறல்.

அது அவளுடைய அண்ணனுடையது. அவன் பெயரை அவள் வாய் சொல்லக் கூடாது. ஆகவே இங்கேயும் எழுதப்படாது. பெண் வயதுக்கு வந்தபின் உடன்பிறந்தவனோடு நேரே பேசுவதில்லை, முகம் பார்ப்பதில்லை. அதுதான் எங்கள் முறை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவன் இதய வால்வைக் கெடுத்திருந்தது. இருபத்தெட்டு நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி. தவறினால் காய்ச்சல் திரும்பும், வால்வு இன்னும் கெடும், ஆள் போய்விடுவான். கிளினிக்கின் ஆண் பணியாளர் கிளைட் வண்டியில் தேடி வந்தாலோ, அவன் பின்வாசலால் காட்டுக்குள் ஓடிவிடுவான்.

கடைசித் தேர்வில், தொடர்ந்து கவனிக்க வேண்டிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ரோசெட்டா படிவம் பூராவும் நிரப்பினாள், பெயர்க் கட்டம் தவிர. வேறு ஆளைப் பற்றி எழுதியிருக்கலாம்தான். அவளுக்கு அந்தச் சீறலைத் தவிர எதுவும் கேட்கவில்லையே.

"பேரு இல்லாம இது யாரோட இதயம்?" என்றார் ஆசிரியை.

"நான் பேரு சொல்லக் கூடாத ஆளோடது."

"அப்ப பாஸ் போட முடியாதும்மா."

போடவில்லை.

அவள் ஊர் திரும்பியபோது, அவன் கடைசியாக ஊசி போட்டு நாற்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பையைக்கூட இறக்காமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். வேலிக்கு இந்தப் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, அங்கே படுத்திருந்த நாயிடம் பேசினாள். நேரே பேசக் கூடாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"நாயே, சில பேரு முதலை கிடக்கிற ஆத்துல இறங்குவாங்க. ஊசியப் பார்த்தா மட்டும் ஓட்டம்."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது, அதுவும் நாய்க்குத்தான். "நாயே, வந்தவங்ககிட்ட சொல்லு. எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"நாயே, செத்தவங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க."

நாய் கொட்டாவி விட்டது. ரோசெட்டாவுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே வேலியில் தொங்கவிட்டாள். அண்ணன் அதை எடுத்து மாட்டித் தன் நெஞ்சில் வைத்தான். சீறல் எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. வேறொரு இதயம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"நாயே, இது யாரோடது? எதுக்கு இப்படி அடிச்சுக்குது?"

வேலிக்கம்பிகளுக்கிடையே அவள் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அவன் ஸ்டெதஸ்கோப்பைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு, சுற்றுவழியாகக் கிளினிக்குக்குப் போய், கிளைடிடம் ஊசிக்காகக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

ரோசெட்டா மறுதடவை வேறொரு நோயாளியின் பெயரை எழுதித் தேறினாள். அந்தச் சீறல் நிற்கவில்லை. கெட்ட வால்வு கெட்டதுதான், ஆனால் அதற்கு மேல் கெடவில்லை. அன்றிலிருந்து அண்ணனின் காதிலும் ஓர் இதயம் கேட்கிறது, ஒன்றே ஒன்று. ஊசி போட்ட இருபத்தேழாம் நாள் அது படபடக்கத் தொடங்கும். மறுநாள் காலை அவள் கிளினிக்கின் முன்கதவைத் திறக்கும்போது, அவன் பின்பக்கம் கிளைடுக்காகக் காத்து நிற்பான்.