யாரும் எழுந்திருக்கக் கூடாது

போன வருஷம் எடுத்த போட்டோவை செல்போனில் பார்த்துப் பார்த்து சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தான் அவன். ஓர் அங்குலம் இடது பக்கம். இன்னும் அரை அங்குலம். தண்ணீர் ஜக்கின் மூக்கு ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும். இருந்தது.

"எம் மூஞ்சியக்கூட இவ்ளோ கவனமா நீங்க பாத்ததில்ல," என்றாள் மனைவி, பாப்கார்ன் சட்டியைக் குலுக்கிக்கொண்டே.

"போன தடவை கோப்பை நமக்குத்தானே வந்துச்சு? அப்ப எது எங்க இருந்துச்சோ, இப்பவும் அது அங்கதான் இருக்கணும்."

"இருந்த ஆளும் இருக்கணுமே," என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் லிப்ட் மெக்கானிக். நண்பர்களுக்கு 'லிப்ட்டு'. வருஷா வருஷம் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் அவன் வீட்டில்தான். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், ஹால் சுவர் நிறைய மைதானம், மத்தியான வெயில் உள்ளே வராமல் ஜன்னல்களுக்குத் தடித்த போர்வை. எல்லாம் கூத்தும் கும்மாளமும்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் விளையாட மாட்டார்கள். ஜெயித்த வருஷம் யார் எங்கே உட்கார்ந்திருந்தாரோ, அடுத்த வருஷமும் அங்கேயே உட்கார வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் இடைவேளை வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. பெனால்டி வந்துவிட்டாலோ, கால் மேல் போட்ட காலைக்கூட இறக்கக் கூடாது.

போட்டோவில், மூலையில் சுவரோடு ஒட்டிப் போட்ட பிரம்பு நாற்காலியில் ரெஃப்ரி அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துப் பையன்களுக்கு நடுவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அதற்குள் இருந்த உருண்டை பாதி உடைந்துபோய், ஊதினால் யாரோ இருமுவதுபோல் கரகரக்கும். கோல் விழுந்தால் ஒன்று. ஆட்டம் முடிந்தால் நீளமாக மூன்று. இந்த ஹாலில் உட்கார்ந்தும் அப்படித்தான் ஊதுவார்.

அந்த நாற்காலியில்தான் அவர் செத்துப்போனார். பெனால்டி ஓடிக்கொண்டிருந்தபோது. டென்ஷனில் கண்ணை மூடியிருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோப்பை கிடைத்ததும் நண்பன் டெய்லர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். தலை அவன் தோளில் சாய்ந்தது. நிமிரவே இல்லை.

'வலியே தெரியாம போயிட்டார்' என்று ஊரே சொன்னது. அவர் மனைவியான அண்ணியும் அதையே பிடித்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அவன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் அவன் பக்கம் குனிந்து, "தம்பி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா," என்றதை. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அசையாதீங்கண்ணே, அஞ்சே நிமிஷம்," என்றதை.

இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் இருந்தான். அண்ணியே போன் பண்ணினார். "நடத்துங்க தம்பி. நானும் வர்றேன். அவர் இல்லன்னு ஆட்டம் நிக்கக் கூடாது."

மூன்று மணிக்கெல்லாம் ஹால் களைகட்டிவிட்டது. டெய்லர் தன் கையால் தைத்த மஞ்சள் சட்டையில் வந்தான். முதுகில் ஒன்பது என்பது ஆறு மாதிரி கவிழ்ந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவன், சொந்தச் சட்டைல நம்பரத் தலைகீழாத் தச்சுட்டு வந்திருக்கான் பாரு," என்றாள் மனைவி.

"அது ஸ்டைலு தங்கச்சி. தலைகீழா நின்னு பாத்தா கரெக்டா இருக்கும்."

அண்ணி சமையலறை வாசலை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். பிரம்பு நாற்காலியைக் காலியாகவே விட்டுவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் மாமனார் வந்தார். ரிட்டயர்டு கண்டக்டர். நாற்பது வருஷம் பஸ்ஸில் நின்றே பிழைத்தவர், உட்கார இடம் கண்டால் விடமாட்டார். நேராகப் போய்ப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார்.

"கைப்பிடி இருக்கு மாப்ள, இடுப்புக்கு நல்லது."

"மாமா, அது..." என்று தொடங்கியவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

டெய்லருக்கோ தலைகால் புரியவில்லை. "ஆள் ரொம்பிடுச்சுடா லிப்ட்டு! ஒரு சீட்டு காலியா இருக்கேன்னு காலையில இருந்து வயித்தக் கலக்கிட்டு இருந்துச்சு. மாமா, நீங்க தெய்வம்! ஆனா ஒண்ணு, ஆட்டம் ஓடற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"டிக்கெட் எடுத்தவன் ஸ்டாப் வர்றதுக்கு முந்தி எதுக்குய்யா எந்திரிக்கறான்?" என்றார் மாமா.



மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. அவர்களுக்குப் படம் வருவது இன்டர்நெட்டில். உண்மையான ஆட்டத்துக்கு அரை நிமிஷம் பின்னால்தான் ஓடும். மேல் வீட்டில் டிஷ். அங்கே இருக்கிற பிள்ளைகள் முன்கூட்டியே கத்தி, கீழே இருப்பவர்களின் கோலைக் கெடுப்பது வழக்கமான தொல்லை.

இருபதாவது நிமிஷம். பந்து இன்னும் நடு மைதானத்தில்தான் இருந்தது.

மேலிருந்து ஒரு விசில்.

"ஆரம்பிச்சுட்டானுங்க!" என்று தலையிலடித்துக்கொண்டான் டெய்லர். அரை நிமிஷம் கழித்து அவர்களுடைய மஞ்சள் சட்டை அணி கோல் அடித்தது. எல்லோரும் உட்கார்ந்தபடியே கத்தினார்கள்.

அண்ணி கத்தவில்லை. எலுமிச்சை ஜூஸ் டம்ளர் உதட்டருகே அப்படியே நின்றிருந்தது. அவனும் கத்தவில்லை. விசில் கரகரத்திருந்தது. யாரோ இருமுவதுபோல.

இன்னொரு முறை ஊதியது. அரை நிமிஷத்தில் எதிரணியின் கோல். ஒன்றுக்கு ஒன்று.

"இந்த எழவு விசில யாராவது புடுங்குங்கப்பா!" என்று கத்தினான் டெய்லர்.

இடைவேளை விட்டதும், ஒரு கிண்ணம் பாப்கார்னை எடுத்துக்கொண்டு அவன் மாடிப்படி ஏறினான். பிள்ளைகளிடம் கெஞ்சியாவது விசிலை வாங்கிவிடலாம் என்று நினைப்பு. லிப்ட் மெக்கானிக்தான், ஆனால் ஒரு மாடிக்கு லிப்ட் கூப்பிடுகிற சோம்பேறி இல்லை.

மேல் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

வாசலில் மூன்று நாள் பேப்பர்கள் பிரிக்காமல் கிடந்தன. கதவில் காதை வைத்தான். உள்ளே ஃப்ரிட்ஜ் சத்தம்கூட இல்லை.

கீழே வந்து மனைவியைச் சமையலறைக்குள் இழுத்தான். "மேல இருக்கறவங்க?"

"புதன்கிழமையே ஊருக்குப் போயிட்டாங்களே. உங்ககிட்ட சொன்னேனே? நான் சொல்றது எது உங்க காதுல விழுந்திருக்கு!"

வாசலில் நின்ற அண்ணியின் காதிலும் அது விழுந்தது. இருவர் பார்வையும் ஒரு கணம் முட்டிக்கொண்டன.

"தம்பி," என்றார் அண்ணி மெதுவாக. "அவரோட விசில நாந்தான் அவர் சட்டைப் பைக்குள்ள வெச்சேன். பட்டனையும் போட்டுவிட்டேன். அதோடதான் அவரை அனுப்பினோம்."

"வேற யாராவது தெருவுல..."

"ஆமா. தெருவுலதான் இருக்கும்," என்றார் அண்ணி. அவன் சொன்னதை அவனும் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை.

இரண்டாவது பாதி. போர்வை போட்ட ஜன்னலின் ஓரத்தில் வெயில் ஒரு கோடாகக் கசிந்தது. பந்தை அவன் பார்க்கவே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எழுபத்தெட்டாவது நிமிஷம் விசில். இந்த முறை மேலிருந்து வரவில்லை. வாசல் கதவுக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கம். அரை நிமிஷத்தில் எதிரணி இரண்டாவது கோல். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மறுபடி விசில். செருப்பு விடுகிற இடத்திலிருந்து. மஞ்சள் சட்டை சமன் செய்தது. டெய்லர் அழுதே விட்டான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்புவதும் விதிமீறல்தான்.

இறங்கி வருகிறது என்று நினைத்தான் அவன். ஒவ்வொரு மாடியாக நிற்கிற லிப்ட் மாதிரி.

கூடுதல் நேரத்தில் கோல் இல்லை. விசிலும் இல்லை.

பெனால்டி.

"யாரும் மூச்சு விடாதீங்க!" என்றான் டெய்லர். "போன வருஷம் மாதிரியே! அப்படியே!"

ஹால் உறைந்தது. மனைவியின் கை பாப்கார்ன் சட்டிக்குள் அப்படியே நின்றது. ஒன்றுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று.

அப்போதுதான் விசில் ஊதியது.

வாசலிலிருந்து இல்லை. ஹாலுக்குள்ளிருந்து. அவனுக்கு வலது பக்கம், இரண்டடி தூரத்தில். நீளமாக ஒன்று. கரகரப்பாக. இடைவெளி விட்டு இன்னொன்று. மறுபடி இன்னொன்று.

திரையில் ஆட்டம் முடிய இன்னும் நான்கு உதை பாக்கி.

பதினேழு வருஷ வேலையில் அவன் கற்றுக்கொண்டது ஒரே பாடம்தான். லிப்டில் பழகாத சத்தம் வந்தால் முதலில் நிறுத்து, காரணத்தை அப்புறம் தேடு. சக்கரமா, கயிறா, வெறும் பிரமையா என்று நின்று யோசிக்கிற மெக்கானிக் ஆளைக் கொன்றுவிடுவான். ஒரு மெஷினுக்குக்கூட அவன் இந்த விதியை மீறியதில்லை. ஒரு மனுஷனுக்கு மீறியிருக்கிறான்.

வலது பக்கம் திரும்பினான்.

மாமா கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை தாடைக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. அசையக் கூடாதே!

"மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்ள..." உதடு மட்டும் அசைந்தது. "இடது கை... மரத்துப்போச்சு. அஞ்சு நிமிஷம். முடியட்டும்."

அதே அஞ்சு நிமிஷம்.

அவன் எழுந்தான்.

"உக்காருடா டேய்!" டெய்லர் அலறினான். "உன் கால்ல விழறேன், உக்காரு! நாலே உதைடா!"

எட்டி பிளக்கைப் பிடுங்கினான். சுவரிலிருந்த மைதானம், வீரர்கள், எண்பதாயிரம் ரசிகர்கள், எல்லாம் ஒரு நொடியில் செத்தன. ஜன்னல் போர்வையைக் கிழித்து இழுத்தான். சாயங்கால வெயில் பளீரென்று உள்ளே பாய்ந்தது. அந்த வெளிச்சத்தில்தான் மாமாவின் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

"அப்பா!" என்று வீறிட்டாள் மனைவி.

அதற்குள் அண்ணி செருப்பை மாட்டியிருந்தார். கையில் கார் சாவி. "தூக்குங்க. வண்டி கீழதான் நிக்குது."

டிரைவிங் ஸ்கூல் வண்டி. கணவர் போனதும் அண்ணிதான் அதை நடத்திக்கொண்டிருந்தார். கூரையில் சிவப்பு 'எல்' எழுத்துப் பலகை, பக்கத்து சீட்டின் காலடியில் வாத்தியாருக்கென்று தனி பிரேக். டெய்லரும் அவனும் மாமாவைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். மனைவி அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அண்ணி வண்டியை எடுக்க, அவன் பக்கத்து சீட்டில் ஏறினான். கத்துக்குட்டி வண்டி என்று ஒதுங்கி வழிவிட்டவர்கள், அது போன வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மாமாவை உள்ளே கொண்டுபோனார்கள். மனைவியும் கூடவே போனாள். வராந்தா பெஞ்சில் அவனும் அண்ணியும் மட்டும்.

இனியும் அடக்க முடியாது என்று தோன்றியது.

"அண்ணி, அண்ணன் வலியே தெரியாமப் போகல." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்கிட்ட சொன்னாரு. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு. நான்தான் அசையாதீங்க, அஞ்சு நிமிஷம்னு..."

வார்டு பாய் ஒருவன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனான். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

"ஏன் தம்பி ஒரு வருஷம்?" என்றார் அண்ணி கடைசியில். "ஒரு வருஷம் எங்க வீட்டுல வந்து டீ குடிச்சிட்டுப் போனீங்களே."

அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"உங்கள மன்னிக்கறதா வேணாமான்னு எனக்கு இப்பத் தெரியல. வீட்டுக்குப் போயி யோசிக்கணும்." முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டார். "இன்னிக்கு எந்திரிச்சீங்க. அத மட்டும் பாத்தேன்."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. டெய்லர். "மாமா எப்படிடா இருக்காரு?... தோத்துட்டோம்டா. நீ எந்திரிச்ச அடுத்த உதையே வெளிய போயிடுச்சாம். போகட்டும் விடு. சனியன் புடிச்ச கோப்பை."

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். "சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா என் கையில இல்ல. பேசறார், போய்ப் பாருங்க. ரெண்டே நிமிஷம்."

மாமாவின் உடம்பெல்லாம் ஒயர். முகத்தில் லேசாக ரத்தம் திரும்பியிருந்தது. அவனைப் பார்த்ததும் ஒரு விரலை மட்டும் தூக்கிக் கூப்பிட்டார்.

"மாப்ள, அவரு யாரு?"

"யாரு மாமா?"

"அதான், எனக்குப் பின்னால நின்னு விசில் ஊதினாரே. நல்ல மனுஷன். தோள்ல கைய வெச்சு, 'எந்திரிங்க, எந்திரிங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க எல்லாம் செலை மாதிரி உக்காந்திருந்தீங்க. அவரு ஒருத்தர்தான் நின்னுட்டிருந்தாரு. அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிடுங்க மாப்ள."

சரி என்று தலையாட்டினான். வெளியே வந்து கதவைச் சாத்தும்போதுதான் அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது.

பிரம்பு நாற்காலியைக் காலையில் அவனேதான் போட்டான், போட்டோவைப் பார்த்துப் பார்த்து. அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது.