சார்ஜென்ட் எடுத்துக்கொடுத்த வசனம்

திங்கட்கிழமை காலை ராணுவ முகாமிலிருந்து இரண்டு பேர் வந்து மாங் தெலெஸ்போரோவை அழைத்துப் போனார்கள். ராணுவச் சட்டம் வந்த பிறகு எங்கள் ஊரில் யாரையும் கைது செய்வதில்லை, அழைக்கிறார்கள், அவ்வளவுதான். விருந்தாளிகளுக்கு அங்கே சாப்பாடு ரொம்பப் பிடித்துவிடும் போல. இதுவரை ஒருவரும் திரும்பவில்லை.

மாங் தெலெஸ்போரோ (மாங் என்றால் எங்கள் ஊரில் ஐயா மாதிரி) எங்கள் பாஸ்கா நாடகத்தின் பிராம்ப்டர். இயேசு பட்ட பாடுகளைச் சொல்லி, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் முழுக்க நடக்கும் நாடகம், எல்லாமே செய்யுள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய எங்களில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. மேடையின் முன்னால் ஒரு குழி இருக்கும். அதற்குள் உட்கார்ந்து அவர் ஒரு வரி படிப்பார். மேலே நிற்பவன் அதையே ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வான்.

மணிலா கல்லூரியில் நான் நாடகம் படிக்கிறேன். கதாபாத்திரத்தின் உள்மனசு என்று அவரிடம் ஒருமுறை ஆரம்பித்தேன்.

"உள்மனச வீட்ல வச்சிட்டு வா, ரூஃபோ. காதுல விழுந்தது வாயில வரணும். நடுவுல எங்கயும் தங்கக் கூடாது" என்றார்.

எங்களுக்கு எங்கேயும் தங்காது. போன வருடம் குழிக்குள்ளிருந்து பக்கத்து ஆளிடம் "தீப்பெட்டி எங்கடா வச்ச" என்று கேட்டார்; பிலாத்து வேடக்காரர் அதையும் ராகத்தோடு பாடி முடித்தார். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் நான் ரோமானியக் காவல் தலைவன். தலையில் பிஸ்கட் டின்னில் செய்த கவசம், அதன் உச்சியில் துடைப்பக் குச்சி. இயேசுவாக நடித்தது பென். ஜனவரியில் ஊருக்கு வந்தவன். உண்மைப் பெயர் கிரிசாந்தோ மலிக்சி, சர்க்கரை ஆலையில் வேலைநிறுத்தம் நடத்தியவன். முகாமுக்கு அவன் பெயர் தெரியும், முகம் தெரியாது. அந்தப் பெயரை யாராவது வாய்விட்டுச் சொன்னால் போதும், அவனும் விருந்தாளிதான். மாங் தெலெஸ்போரோவையும் சேர்த்துக் குழுவில் பன்னிரண்டு பேருக்கு இது தெரியும்.

அவனை இயேசுவாக்கியது ஆலிங் பாசெங்கின் யோசனை. ஆலிங் என்றால் எங்கள் ஊரில் அம்மா, அக்கா மாதிரி; குழுவை நடத்துவதும் மாதா வேடம் கட்டுவதும் அவர்தான். "முள்முடி வச்சவன் மூஞ்சிய எவன்டா பாப்பான்? எல்லாரும் ரத்தத்தத்தான் பாப்பாங்க" என்றார்.

புதன்கிழமை மத்தியானம், இஞ்சித் தண்ணி குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, முகாமை நடத்தும் சார்ஜென்ட் ரெபுல்லிதா தனியாக நடந்து வந்தார். கையில், தணிக்கைக்கு நாங்கள் கொடுத்திருந்த வசனப் பிரதி. பக்கத்துக்குப் பக்கம் முகாமின் முத்திரை.

"பிராம்ப்டர் இல்லாம கஷ்டப்படுறீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். அந்தச் செய்தி அவருக்கு யார் மூலமாகவோ எட்டியது போன்ற முகம். "நான் பாதிரியாருக்குப் படிக்க ரெண்டு வருஷம் செமினரியில இருந்தவன். செய்யுள் நல்லா வாசிப்பேன். நான் உக்காரட்டுமா?"

ஆலிங் பாசெங் மாதாவின் நீலத் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். "சார்ஜென்டுக்கு எதுக்குச் சிரமம். குழியில கொசு ஜாஸ்தி."

"கொசுவுக்குப் பயந்தா முகாம் நடத்த முடியுமா, ஆலிங்."

அவர் குழியைப் பார்க்கப் போனதும் நாங்கள் பச்சரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கூடினோம்.

"நாடகத்த நிறுத்திடலாம்" என்றான் பேதுரு வேடம் கட்டும் தாசியோ. ஊரில் மீன் விற்பவன்.

"ஏன் நிறுத்தினீங்கன்னு கேப்பான். என்ன சொல்லுவ? மீன் வரலன்னா?" என்றார் ஆலிங் பாசெங்.

"பென்னுக்கு வயித்துவலின்னு சொல்லுவோம்."

"அப்ப பென்ன பாக்க டாக்டரக் கூட்டிட்டு வருவான். முகாம் டாக்டர."

பென் சிரித்தான். "பிரதியில அவங்க முத்திரை இருக்கு. அதுல இருக்கிறதத்தான படிப்பாரு. என் பேரு அதுல இல்ல." அப்போது எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்.

நாலு மணி வெயிலில் ஆரம்பித்தோம். சார்ஜென்டின் குரல் அருமையான குரல். மாங் தெலெஸ்போரோ வரிக்கு வரி இருமுவார். இவர் எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டார். கடைசி இராவுணவுக் காட்சியில் ஜனங்கள் விசும்பினார்கள். யூதாஸ் வெளியேறியபோது வழக்கம்போல வாழைப்பழத் தோல் பறந்து வந்தது. எனக்குத் தோள் லேசாகிவிட்டது. இவரையே அடுத்த வருடமும் கூப்பிடலாமே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அடுத்து, இயேசு பிடிபடும் கெத்செமனித் தோட்டம். நான் என் நாலு டின் வீரர்களோடு விளக்கைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். யூதாஸ் முத்தமிட்டு விலகினான்.

குழியிலிருந்து குரல் வந்தது. பென் பாடினான்: "யாரைத் தேடி வந்தீர்கள், விளக்கும் வாளும் ஏந்தி?"

அடுத்த வரி எனக்கு. நாசரேத்தூர் இயேசுவை என்று வரவேண்டும். குரல் அதே சாவகாசத்தோடு, அசை ஒன்றுகூடப் பிசகாமல் எடுத்துக்கொடுத்தது. நான் பாடினேன்: "ஆலையைப் பூட்டிய கிரிசாந்தோ மலிக்சியைத் தேடி."

பாடி முடித்த பிறகுதான் என் காதுக்கு அது கேட்டது.

ராகம் சரியாக இருந்ததால் ஜனங்களில் பாதிப்பேர் கவனிக்கவே இல்லை. நான் பென்னைப் பார்த்தேன். அவனை எச்சரிக்க நான் தலையை ஆட்டவேண்டும், இருமவேண்டும், மயங்கி விழவேண்டும். எதுவும் செய்யவில்லை. எனக்கு அடுத்த வரி இல்லை. வரி இல்லாதபோது என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

குரல் அடுத்ததை எடுத்துக்கொடுத்தது. பிரதியில் உள்ள வரிதான், ஒரு எழுத்தும் மாறவில்லை.

பென்னும் மூன்று மாதமாக ஒத்திகை பார்த்தவன். "நானே அவன்" என்று பாடினான். வாய் மூடுவதற்குள் அவன் முகம் வேறாகிவிட்டது.

என் வீரர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் படியேறினார்கள். அவர்களுடைய கவசம் டின் இல்லை. அங்கே கிடந்த எங்கள் கயிற்றையே எடுத்துக் கையைக் கட்டினார்கள். கூட்டம் "ஐயோ" என்று அழுதது. ஒரு அம்மா என்னைப் பார்த்து நாசமாகப் போவாய் என்றார். வருடாவருடம் இந்த இடத்தில் யாராவது சொல்வதுதான்.

தாசியோ மட்டும் மரவாளை உருவிக்கொண்டு முன்னால் பாய்ந்தான். அது நடிப்பில்லை. குழியிலிருந்து பொறுமையான குரல் வந்தது: "வாளை உறையில் போடு."

தாசியோ போட்டான்.

மேடைக்குப் பின்னால் ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டது. ஆலிங் பாசெங் திரையோரம் நீலத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். அடுத்த காட்சியை நிறுத்த யாராவது கை தூக்குவார்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தோம்.

சார்ஜென்ட் பக்கத்தைப் புரட்டினார். தலைமைக் குருவின் முற்றம்; இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுக்கும் காட்சி. பேதுருவின் வரி: "அந்த மனிதனை நான் அறியேன்."

தாசியோ மூன்று தடவையும் பாடினான். மூன்றாவதில் ராகம் நொறுங்கிப்போயிருந்தது.

நாடகத்தில் மறுப்பு அதோடு முடிகிறது. அதற்கப்புறம் சேவல் கூவவேண்டும். ஆனால் சார்ஜென்ட் பிரதியை மூடிவிட்டுக் குழியின் விளிம்பில் முழங்கையை ஊன்றி எங்களை ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார். ராகம் போடாமல், சாதாரணமாகச் சொன்னார்:

"மத்தவங்களும் சொல்லுங்க. இந்தக் காவல் தலைவன்ல இருந்து ஆரம்பிப்போம்."

யாரோ குழந்தையை மடி மாற்றினார்கள். நான் பென்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

"அந்த மனிதனை நான் அறியேன்" என்றேன்.

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.