பொங்கலன்று வந்த அகழி

பொங்கலன்று, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, தகனினி என்ற வெளிநாட்டுப் புறநகரில் மஹதியின் புது வீட்டைச் சுற்றி ஆறடி ஆழத்தில் ஓர் அகழி வந்துவிட்டது. தவறு கோலத்தில் நடந்தது. ஜப்பானின் வடக்குத் தீவில் ஐனு மக்கள் முந்நூறு வருடங்களுக்கு முன் குன்றுகளின் மேல் அகழி வெட்டி அமைத்த அரண்களைத்தான் அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தாள். புள்ளிக்கோலம் அவள் கைக்கு வராது. அதனால் மனப்பாடமாகத் தெரிந்த ஓர் அரணின் வரைபடத்தையே வாசலில் மாவால் இழுத்துவைத்தாள். அதில் ஆள் போய்வர ஒரு மண்பாதை விட்டிருக்கும். திருச்சியிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் பங்கஜத்துக்கு அந்த இடைவெளி பொறுக்கவில்லை. "கோலத்தைத் திறந்தபடி விடக்கூடாதும்மா, சேர்த்துடு" என்றார். சேர்த்தாள். வழி போயிற்று.

கணவன் அரவிந்துக்கு ஞாயிற்றுக்கிழமை மெல்பர்ன் விமானம். அங்கே வேலை கிடைத்ததை அவன் சொல்லவில்லை. டிக்கெட்டைப் பார்த்துவிட்டதை அவளும் சொல்லவில்லை. மூன்று வாரமாக இருவரும் பால் தீர்ந்ததைப் பற்றி மட்டும், மிகுந்த மரியாதையோடு பேசிவந்தார்கள். அரவிந்த் ஏணியைக் குறுக்கே போட்டான். ஏணியின் நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாக அகழி அகன்றுகொண்டது; உள்ளே இறக்கினால் அதே அளவு ஆழ்ந்தும் கொண்டது. வெள்ளிக்கிழமை மறுகரையில் நின்று மண்ணைப் பரிசோதித்த தொல்லியல் அதிகாரி, அகழி முந்நூறு வருடப் பழசு, அதைத் தொடக்கூடாது, அனுமதியில்லாமல் நடுவில் வந்திருப்பது வீடுதான் என்று எழுதி, தாளைக் கல்லில் சுற்றி எறிந்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு மன்னார்க்காரி மேர்சி அக்கா சாப்பிட ஒரு பாண் ரொட்டி எறிந்தார். "ரெண்டு பேரும் உள்ளுக்கைதானே இருக்கிறியள், ஒரு கதைபேச்சையும் காணேல்லை" என்றும் கேட்டுவைத்தார்.

மஹதிக்குச் சுருக்கென்றது. இந்த அரண்கள் சண்டைக்கென்றே கட்டப்பட்டவை என்பது அவள் கட்சி. வழக்குள்ளவர்களை உள்ளே உட்காரவைத்து, தீரும்வரை பேசவைக்கவும் இவை பயன்பட்டன என்று சொன்னவர்களை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நன்றாகக் கிண்டலடித்திருந்தாள். சனிக்கிழமை மதியம் வேறு வழியில்லாமல் கேட்டாள்:

"எப்பச் சொல்றதா இருந்த?"

"ஏர்போர்ட்ல இருந்து" என்றான் அரவிந்த். "நேர்ல சொன்னா நீ போகாதன்னு சொல்லுவ."

"ஆமா. போகாத."

மாலைவரை கத்தினார்கள், அழுதார்கள். யாருக்காக யார் எந்த ஊரை விட்டுவந்தார்கள் என்பதெல்லாம் வெளியே கொட்டியது. வெயில் சாயும்போது, ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு மண்பாதை திரும்பியிருந்தது, வரைபடத்தில் இருந்த அதே இடத்தில்.

ஞாயிறு காலை அரவிந்த் அதன்மேல் நடந்து வெளியே போனான். மஹதி ஜன்னலருகே நின்று அவன் கைகளைப் பார்த்தாள். பெட்டி இல்லை. தெருமுனை டெய்ரிக் கடையிலிருந்து பால் வாங்கிக்கொண்டு திரும்பினான். அவள் போய் மூன்றாம் அத்தியாயத்தை அழித்தாள்.

அகழி இன்னும் இருக்கிறது. செவ்வாய்தோறும் குப்பைத்தொட்டியை அந்தப் பாதை வழியாகத்தான் உருட்டிக்கொண்டு போகிறார்கள்.