பிலோமினா வாசிக்க வேண்டிய மன்றாட்டு

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரேஸ்புரம் பக்கத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில். அங்கே திருவிழாப் பூசைகளில் ஒருவர் வாசிக்க, சபை பதில் சொல்லும் மன்றாட்டை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. கதை எழுதுவது என் கெட்ட பழக்கம். இந்தத் தடவை இரண்டும் ஒரே தாளில் வந்து விழுந்துவிட்டன.

2

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று அமைதியாக...’ (வேண்டாம். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: ‘மனித மாண்பு என்பது...’ (எனக்கே கொட்டாவி வந்தது. உழைப்பவரின் மாண்பைப் பற்றித் திருச்சபை நூறு வருஷத்துக்கு மேலாக எழுதுகிறது. அதில் ஒரு வரியாவது அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனதா?)

எந்தக் கதவு? இறால் கம்பெனியில் பெண்கள் இறால் உரிக்கும் கூடத்தின் கதவு. இறால் திருட்டுப் போகிறதாம், வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். போன மாதம் குளிர்பதன அறையின் அமோனியா வாயு கசிந்தபோது அறுபது பெண்கள் அந்தக் கதவைத் தட்டினார்கள். சாவி வரப் பத்து நிமிஷம் ஆனது. அவர்களில் பிலோமினா* இன்னும் இருமுகிறாள். இன்றைக்கும் பூட்டுகிறார்கள்.

(* அவள் பெயர் இதல்ல. அவள் மாற்றச் சொல்லவில்லை, பயந்து மாற்றியது நான்.)

3

ஆறாம் திருவிழா, அதாவது திருவிழாவின் ஆறாம் நாள், அந்தக் கம்பெனியின் உபயம். யார் உபயமோ அவர்களுடைய ஆட்கள்தான் அன்று மன்றாட்டு வாசிப்பார்கள், அது எங்கள் வழக்கம். நல்ல குரல் என்று முதலாளி டெரன்ஸே பிலோமினாவின் பெயரைக் கொடுத்தார். நான் உலக அமைதிக்காக எழுதி வைத்திருந்தேன். அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“உலகம் கெடக்கட்டும் டீச்சர். அந்தக் கதவ எழுதுங்க.”

“வேல போயிருமே பிலோமினா.”

“போவும். தெரியும்லா. பயமாத்தான் இருக்கு. ஆனா அவனுவ பூட்டுத சத்தம் கேக்கும்போது இதவிட பயமா இருக்கு.”

எழுதினேன். மன்றாட்டு எழுதுவது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் என் கையெழுத்து தெரியக் கூடாதென்று டைப் அடித்தேன். என் பள்ளியின் தாளாளர் டெரன்ஸுக்கு மச்சான். கோழை என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

4

கதைக்கு முடிவுகள் யோசித்துப் பார்த்தேன். மைக்கை அணைத்துவிடுகிறார்கள். டெரன்ஸ் மனம் மாறிச் சாவியை... (பொய்.) கடைசி நேரத்தில் அவள் உலக அமைதியையே வாசித்துவிட்டு இறங்குகிறாள். (இதற்கு உள்ளூர ஆசைப்பட்டவள் நான்தான்.)

5

ஆறாம் திருவிழா. டெரன்ஸ் முதல் வரிசையில் நிற்கிறார். பிலோமினா இருமலை அடக்கிக்கொண்டு வாசிக்கிறாள்:

“எங்களை உள்ளே வைத்துப் பூட்டாதிருக்கவும், நாங்கள் உயிரோடு வீடு திரும்பவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

இந்த இடத்தில் கோயிலே ஒரே குரலில் பதில் சொல்லும். யோசிக்காமல் சொல்லும். இன்று யோசிக்கிறது. யார் வாய் அசைகிறதென்று டெரன்ஸ் மெல்லத் திரும்பிப் பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்க்கிறாள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. நீங்களும் இங்கேதான் நிற்கிறீர்கள், எனக்கு அடுத்த வரிசையில். ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் ஆரம்பித்தால் நானும் சொல்லிவிடுவேன்.