பட்டாட்டின் வயிற்றுக் காயம்

கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறந்ததுமே கோபஸ் லாட்டகனின் மூக்கில் தீய்ந்த வாடை ஏறியது. ஏதோ வயர் உருகிவிட்டது என்று நினைத்து பிளக்கைப் பிடுங்கினான். அப்புறம்தான் பாம்பைத் தூக்கிப் பார்த்தான். அடிவயிற்றில் ஓர் உள்ளங்கை நீளத்துக்குச் செதில்கள் பழுப்பேறி, ஓரத்தில் கொப்புளம் கட்டி, நடுவே ஈரமாகச் சிவந்து கிடந்தது.

பாம்பின் பெயர் பட்டாட். அவர்கள் பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று பொருள். ஒரு மீட்டர் நீளம். பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் சிறிய மலைப்பாம்பு வகை. அது கோபஸின் பாம்பு அல்ல, மகள் மினெட்டினுடையது. அவளுக்குப் பதிமூன்று வயது. அம்மா அன்சியோடும் அம்மாவின் புதுக் கணவனோடும் நியூகாசிலில் இருந்தாள். அந்த மனிதன் பாம்பை வாசல்படி ஏற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அது ஹாரிஸ்மித்தில் கோபஸ் தனியாக இருக்கும் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமைகளில் மினெட் வருவாள். அவள் வருவது அப்பாவுக்காகவா பாம்புக்காகவா என்று கோபஸ் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை. விடை தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?

தென்னாப்பிரிக்காவின் ஜூன் மாதக் குளிர் தொடங்கியபோதே அவள் சொல்லியிருந்தாள். "அப்பா, அடியில இருக்கற சூடாக்கும் பாய் பழசாயிடுச்சு. புதுசு வாங்கு. கூடவே சூடு ஏறினா தானா நிறுத்தற தெர்மோஸ்டாட்டும் வாங்கு. மறந்துடாத."

அவன் மறக்கவில்லை. கடைக்குப் போனான். கடைக்காரன் சிவப்பு பல்பு ஒன்றையும், கல் மாதிரி செய்து உள்ளே சுருள்கம்பி வைத்த ஒரு சாதனத்தையும் எடுத்து நீட்டினான். "இது ரெண்டு போதும். தெர்மோஸ்டாட் எல்லாம் கண்காட்சிக்குப் பாம்பு வளர்க்கறவங்களுக்கு" என்றான். கோபஸுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கல் மேல் பாம்பு போய்ப் படுத்ததைப் பார்த்தபோது, பரவாயில்லையே, நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று சந்தோஷப்படவும் செய்தான்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் இல்லை. ஆடுகள் குட்டி போடும் காலம், பண்ணை பண்ணையாகப் போயிருந்தார். உதவியாளர் டிமகாட்ஸோ டாவ்தான் இருந்தாள். முப்பது வயதிருக்கும். அவள் வீட்டிலேயே நான்கு பாம்புகள் வளர்க்கிறாள் என்பதால் அவள் தெருக்காரர்கள் எதிர்ச் சாரியில்தான் நடப்பார்கள். பாம்பை மல்லாத்தி, காயத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சூட்டுக் கல்லா?"

"ஆமா."

"தெர்மோஸ்டாட்?"

"வாங்கல" என்றான் கோபஸ்.

"சார், நீங்க அடுப்பு மேல உக்காந்தா என்ன பண்ணுவீங்க? குதிச்சு எழுந்துடுவீங்க. இது எழுந்திருக்காது. அடியிலேர்ந்து மெதுவா ஏறுற சூடு இதுக்குச் சட்டுனு உறைக்காது. மேல குளுருது, கீழ கதகதப்பா இருக்குன்னு வெந்துகிட்டே படுத்திருக்கும்."

"பிழைக்குமா?"

"காயம் ஆழமா இருக்கு. டாக்டர் வந்து பார்க்கட்டும். இந்தக் களிம்ப ரெண்டு வேளை போடுங்க. உள்ள இருக்கற மரத்தூள வாரிக் கொட்டிட்டு வெறும் காகிதம் விரிங்க. அந்தக் கல்ல சுத்தியலால ஒடச்சிடுங்க. சிவப்பு பல்பும் வேணாம். ராத்திரி இருட்டா இருந்தாத்தான் அதுக்கு நிம்மதி. வெளிச்சமே இல்லாம சூடு மட்டும் தர்ற பீங்கான் பல்பு இருக்கு. பாம்பு போய் சுத்திக்காம இருக்க அதுக்குக் கம்பிக்கூண்டு போடணும். ஒரு பக்கம் முப்பத்தொண்ணு டிகிரி, இன்னொரு பக்கம் இருபத்தஞ்சு. அது வேணுங்கற பக்கம் அதுவா போய்க்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "முக்கியமா ஒண்ணு. குளுந்து போகவே கூடாது. உடம்பு குளுந்துட்டா புண் ஆறாது. சீழ் வெச்சிடும். அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே அவள் சொன்னதையெல்லாம் வாங்கிப் பொருத்தினான். ஆனால் மினெட்டிடம் சொல்லத் துணிவு வரவில்லை. புளூம்ஃபொன்டெயினில் பாம்பு வளர்ப்பவன் ஒருவனுக்குப் போன் போட்டு, மூன்று வயது, பழுப்பு, கழுத்தில் மஞ்சள் புள்ளி என்று அடையாளம் சொல்லி, அதேபோல் ஒன்று கிடைக்குமா என்றுகூடக் கேட்டான். அந்த ஆள் சிரித்துவிட்டான். "பிள்ளைக்குத் தெரியாம மாத்தறீங்களா? பிள்ளைங்க செதிலக்கூட எண்ணி வெச்சிருக்கும் சார்."

புதன்கிழமை மினெட் கேட்டாள்: "பட்டாட் போட்டோ ஒண்ணு அனுப்பு."

போனில் இருந்த பழைய படம் ஒன்றைத் தேடி அனுப்பினான். இரண்டு நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"அப்பா, இது ஏப்ரல்ல எடுத்தது."

"இல்லம்மா, இப்பத்தான்..."

"பின்னாடி சுவத்துல என் மஞ்சள் தொப்பி தொங்குது. அத நான் ஏப்ரல் கடைசியிலயே எடுத்துட்டு வந்துட்டேன். என்ன ஆச்சு அதுக்கு? செத்துடுச்சா?"

அவன் சொல்லிவிட்டான், கல்லில் தொடங்கி எல்லாவற்றையும். அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.  ஒரு மணி நேரம் கழித்து அன்சியிடமிருந்து செய்தி வந்தது. "அவ சனிக்கிழமை வரமாட்டாளாம். நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல. அவளாத்தான் சொன்னா."

வியாழன் காலை, தெருக்கோடி மின்மாற்றி வெடித்தது. உறைபனி படிந்த கம்பத்திலிருந்து புகை வருவதை அக்கம்பக்கத்தார் கம்பளி போர்த்திக்கொண்டு நின்று பார்த்தார்கள். பழுது பார்க்க வந்தவன், புதுசு வெளியூரிலிருந்து வரவேண்டும், திங்கட்கிழமை ஆகலாம் என்று கையை விரித்தான். புது பீங்கான் பல்பு, புது தெர்மோஸ்டாட், கம்பிக்கூண்டு எல்லாம் பெட்டிக்குள் ஜடமாக இருந்தன. வெப்பமானி கோபஸ் பார்க்கப் பார்க்க இறங்கியது. இருபத்தாறு. இருபத்து நான்கு. இருபத்தொன்று.

கேஸ் ஹீட்டரை அறையில் வைத்துக் கதவைச் சாத்தலாமா என்று டிமகாட்ஸோவைப் போனில் கேட்டான்.

"வைங்க. ரெண்டு பேரையும் சேர்த்தே பொதைச்சிடலாம். அந்தப் புகை அதோட நுரையீரலுக்கு ஆகாது, உங்களுக்கும் ஆகாது."

"அப்ப உன் வீட்டுல வெச்சுக்கோயேன்."

"எங்கிட்ட புதுசா வந்த பாம்பு ஒண்ணுக்குச் சளி. தெறந்த புண்ணோட இங்க கொண்டு வந்தா அதையும் வாங்கிக்கும். ஆஸ்பத்திரிக்கும் உங்க கரண்ட் லைன்தான். ஜெனரேட்டர் தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கே மூச்சு வாங்குது." ஒரு கணம் யோசித்தாள். "வென்னிப் பையத் துண்டுல சுத்தி வைங்க. ஆறினா மாத்துங்க. வெளிய போகும்போது உங்க உடம்புச் சூடு இருக்கில்ல? தலகாணி உறைக்குள்ள போட்டு நெஞ்சோட வெச்சுக்குங்க."

கோபஸுக்கு வேலை ஊருக்கு வெளியே, தானியக் கிடங்கின் எடைமேடையில். சோள அறுவடை நேரம். விடுப்பு கேட்டால் வேலையே போய்விடும். தானியத் தூசி தீப்பிடிக்கும் என்று அங்கே ஹீட்டர் எதையும் அனுமதிப்பதில்லை. லாரிக்கு லாரி ஜன்னலைத் திறக்க வேண்டும், திறந்தால் மலைக்காற்று ஊசியாக உள்ளே வரும். கோபஸ் பனியனுக்கு மேல் தலையணை உறை, அதற்கு மேல் இரண்டு கம்பளிச் சட்டை, ஜாக்கெட் என்று போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பட்டாட் முதலில் நெளிந்தது. பிறகு விலா எலும்பில் சுருண்டு அசையாமல் கிடந்தது. அசையாமல் கிடந்ததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. கால் மணிக்கு ஒரு தரம் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று தொட்டுப் பார்த்தான்.

பெக்கனி என்ற லாரி டிரைவர் எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு அவன் வயிற்றைப் பார்த்தான். "என்ன கோபஸ், தொப்பை நெளியுது? எத்தனாவது மாசம்?"

"பாம்பு."

"பீரக் கொறைன்னு எத்தன தடவ சொன்னேன்" என்று சிரித்தவன், கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து பழுப்புத் தலை ஒன்று எட்டிப் பார்த்ததும் சீட்டைக் கீழே போட்டுவிட்டான். அதற்குப் பிறகு வந்த லாரிக்காரர்கள் எல்லாம் கையை முழ நீளம் நீட்டியே சீட்டு வாங்கினார்கள். வேறு சமயமாக இருந்தால் கோபஸும் சிரித்திருப்பான்.

காலையும் மாலையும் மினெட்டுக்கு எழுதினான். 'காலை 28 டிகிரி. களிம்பு போட்டேன்.' 'மாலை 27. நாக்கை நீட்டுகிறது.' அவள் படித்துவிட்டாள் என்று போன் காட்டும். பதில் மட்டும் வராது. வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து பார்த்து ஊசி போட்டார். ஓரத்தில் சீழ் தொடங்கியிருக்கிறது, இரண்டு நாள் போகட்டும் என்றார். இரண்டு நாள் போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. கேஸ் அடுப்பில் நீர் காய்ச்சி வென்னிப் பைகளை மாற்றி மாற்றிக் கோபஸ் தூங்கி இரண்டு நாளாகியிருந்தது. அன்று மாலை பை சற்றுக் கூடுதலாகச் சுட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்து, துண்டைப் பிரித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தான். நூறு எண்ணும்வரை பொறுக்க முடிந்தது. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பாம்பை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான். ஒரு பெட்டியைச் சூடாக வைத்திருக்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி வைத்திருந்திருப்பான் என்று நினைத்தபோது, அன்சி போனதுகூடச் சரியென்றே தோன்றியது.

சனிக்கிழமை வீட்டைவிட வெளியே வெயில் கதகதப்பாக இருந்தது. தன் பழைய பிக்கப் வண்டியை முற்றத்தில் வெயில் பக்கம் திருப்பி நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நெஞ்சில் பட்டாட்டோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். கண் சொருகிவிட்டது. பக்கத்துக் கதவு திறந்த சத்தத்தில் விழித்தான்.

மினெட் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வெளியே அன்சியின் கார் நின்றிருந்தது.

"குடு" என்றாள்.

கொடுத்தான். அவள் பாம்பைத் தொடையில் விரித்து, வயிற்றைத் திருப்பிப் பார்த்தாள். 

"வலிக்குமாப்பா இதுக்கு?"

"வலிக்கும்னுதான் சொன்னாங்க."

"தெர்மோஸ்டாட் வாங்குன்னு எத்தன தடவ சொன்னேன்!"

"சொன்ன."

"அது தெரியாம பண்ணிட்ட. சரி. பொய் போட்டோ எதுக்கு அனுப்பின?"

கோபஸ் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ வரமாட்டியோன்னு."

"அதனாலதான் வரமாட்டேன்னு சொன்னேன். பொய் சொன்னதுக்கு." அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "உன் சட்டை நாறுது."

"மூணு நாளா இதே சட்டைதான். அதுக்கு இந்த வாசம் பழகியிருக்கேன்னு மாத்தல."

அவள் பாம்பைத் தன் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு, அம்மாவிடம் போய் நாளை வந்து கூட்டிப் போகச் சொன்னாள். ஞாயிறு சாயங்காலம்வரை அப்பாவும் மகளும் முறை வைத்துச் சுமந்தார்கள். ஒருவர் சுமக்கும்போது ஒருவர் தூங்கினார்கள். வென்னிப் பையை மாற்றுவதற்கு மட்டும் இருவரும் எழுந்தார்கள்.

திங்கட்கிழமை மதியம் மின்சாரம் வந்தது. மினெட் பள்ளி முடிந்து வீடியோ அழைப்பில் வந்து, பெட்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னாள்.

"தெர்மோஸ்டாட்டோட உணர்கம்பி எங்க இருக்கு?"

"பெட்டியோட சுவத்துல ஒட்டியிருக்கேன்."

"சுவருக்கா சூடு வேணும்? அது படுக்கற எடத்துக்கு நேரா, பல்புக்குக் கீழ வை. இல்லன்னா தப்பான எடத்த அளந்து தப்பான சூடு குடுக்கும்."

மாற்றி வைத்தான். முப்பத்தொன்று காட்டும்வரை அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

சீழ் வற்ற இரண்டு வாரமாயிற்று. ஆகஸ்டில் ஒருமுறை தோலுரித்தது. காயம் இருந்த இடத்தில் மட்டும் தோல் கிழிந்து ஒட்டிக்கொண்டு, டிமகாட்ஸோ ஈரத்துணியால் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. வடு போகாது என்று அவள் சொல்லிவிட்டாள். மினெட் தொடர்ந்து வந்தாள். இடையில் ஒருமுறை ஹாக்கிப் போட்டி என்று வரவில்லை; அந்தச் சனிக்கிழமை கோபஸ் நாள் முழுக்க உண்மையிலேயே போட்டிதானா என்று குமைந்துகொண்டிருந்தான். சாயங்காலம் அவள் சேறு படிந்த முழங்காலின் படத்தை அனுப்பியிருந்தாள்.

காயம்பட்டதிலிருந்து எதையும் தின்னாத பட்டாட், செப்டம்பர் நடுவில்தான் முதன்முதலாக ஓர் எலியை விழுங்கியது. அன்று விடுப்பிலிருந்த கோபஸ் உடனே போனை எடுத்தான். பள்ளி நேரம் என்று நினைவு வந்து கீழே வைத்தான். பெட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் பள்ளி விடும் மணி இரண்டாகும்வரை காத்திருந்தான்.