மருமகளுக்குப் பொடித்த கொய்யா இலை

செல்லபாய் அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில் உண்டு. கொத்தனார் ஒழுங்காகக் கட்டியிருந்தால் இந்தக் கதை எனக்குத் தெரிந்தே இருக்காது. கிணற்றுப் பக்கம் மட்டும் ஒரு வரிசைக் கல் குறைச்சல். அங்கே நின்றால் அக்காவின் பின்முற்றம் முழுக்கத் தெரியும். நான் துணி காயப்போடத்தான் நிற்கிறேன். குலசேகரத்து மழைக்குத் துணி காய நேரமாகும், அதற்கு நான் என்ன செய்ய?

அக்காவின் மகன் எபிசன் மஸ்கட்டில் இருக்கிறான். மருமகள் பெமிலா, கொட்டாரத்துக்காரி. போன வருஷம் கல்யாணமாகி வந்தாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி. எபிசன் விசா அனுப்பியும், "முடிச்சிட்டுத்தான் வருவேன்" என்று இங்கேயே இருந்துவிட்டாள். தெரு சும்மா இருக்குமா? "கட்டினவனை விட்டுட்டு குப்பியைக் கட்டிக்கிட்டா" என்றார்கள். நான் சொல்லவில்லை. சொன்னபோது பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

குப்பிக்குள் என்னதான் செய்கிறாள் என்று ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக் கேட்டேன்.

"பென்சில்ல கரி இருக்கும்லா சித்தி, அதை உரிச்சு உரிச்சு ஒரே ஒரு அடுக்கா எடுத்தா அதுதான் கிராஃபீன். அந்தத் தாள்மேல வெள்ளியைப் பொடிப்பொடியா உக்கார வைக்கணும். கண்ணுக்கே தெரியாத பொடி."

"கண்ணுக்குத் தெரியாததை உக்கார வச்சு யாருக்குக் காட்டப் போற மக்கா?"

"அது தண்ணியில உள்ள கிருமியைக் கொல்லும் சித்தி. வடிகட்டியில வைக்கலாம்."

தண்ணீரில் கரைந்து கிடக்கும் வெள்ளியைப் பொடியாக்க மற்றவர்கள் கடுமையான மருந்து ஊற்றுவார்களாம். இவள் கொய்யா இலைக் கஷாயம் ஊற்றுகிறாள். தேன் நிறம் ஏறினால் வெள்ளி பொடியாகிறது என்று அர்த்தம். நம் ஊரில் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றுகிற மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். ஆனால் ரப்பர் பால் மொத்தமாய் உறைய வேண்டும். இது உறையவே கூடாதாம். ஒவ்வொரு பொடியும் மற்றதைத் தொடாமல், ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் பெஞ்சில் சண்டைக்காரர்கள் உட்காருகிற மாதிரி தள்ளித் தள்ளி உட்கார வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் கொட்டாரத்து வீட்டு இலையில் தேன் நிறம் அழகாக வந்ததாம். இங்கே வந்தபின் அக்கா வீட்டுக் கொய்யா மரம். இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடிக்க வேண்டும். விடியுமுன் பஸ் பிடிக்கிற பெண்ணுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

"நீ போ மக்கா, அதை நான் பாத்துக்கிடுதேன்" என்று செல்லபாய் அக்கா ஏற்றுக்கொண்டாள்.

அந்த இலைக்கு நடந்த ராஜ உபசாரத்தை நான் பார்த்தேன். புதுப் பாய், மேலே வெளுத்த வேட்டி, காக்கை வந்தால் விரட்ட அக்காவின் வீட்டுக்காரர் ரசலையன் மாமா. பாவம், பென்ஷன் வாங்குகிற மனிதர், கையில் கம்போடு இலைக்குக் காவல். பொடிக்கத் தனி மிக்ஸி ஜார். அந்த ஜாரை நான் ஒருமுறை மிளகாய்ப்பொடிக்குக் கேட்டேன். "அது பெமிலாக்க ஜாராக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

இவ்வளவு செய்தும் பெமிலாவின் முகம் நாளுக்கு நாள் வாடியது. அக்கா அது விசாவைப் பற்றிய கவலை என்று நினைத்து மீன் வறுத்துப் போட்டாள். எனக்கு மனது கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா பெண்கள் கூட்டத்துக்குக் கோயிலுக்குப் போனதும், கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போனேன். பெமிலா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"வரமாட்டேங்குது சித்தி. கஷாயத்தை ஊத்தினா ரப்பர் பால் மாதிரி வெள்ளையாத் திரிஞ்சு கட்டி கட்டியா அடியில விழுது. இந்த மாசம் கமிட்டி வருது. அவங்க முன்னால திரும்ப செஞ்சு காட்டலைன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துருன்னு சார் சொல்லிட்டாரு. எடுத்தா தீசிஸ்ல என்ன இருக்கு? முதல்ல இருந்து தொடங்க எனக்குக் காலமும் இல்ல."

"வெள்ளையா ஏன் விழுது?"

"உப்பு. எங்கேயோ இருந்து உப்பு கலக்குது. கொஞ்சம் பட்டாலும் வெள்ளி திரிஞ்சிரும். தண்ணியை மாத்தினேன், குப்பியை மாத்தினேன், மருந்தைப் புதுசா வாங்கினேன். கடைசியில பொடியைச் சோதிச்சா அதுலதான் உப்பு. கொட்டாரம் கடலுக்குப் பக்கம், அந்த இலையில இல்ல. மலைக்குப் பக்கத்துல நிக்குற மரத்துல எப்படி சித்தி உப்பு?"

"மரத்துல எதுக்கு உப்பு? அதான் உன் மாமி கை நிறைய போடுகாளே!"

பெமிலா என்னையே பார்த்தாள்.

"ரப்பருக்கு மருந்து அடிக்கிறானுவல்லா, அது காத்துல பறந்து கொய்யாவுல விழும்னு அவளுக்குப் பயம். சந்தைக் கத்தரிக்காயை உப்புத் தண்ணியில போடுற மாதிரி இலையையும் போட்டு ஊற வைக்கா. எனக்குத் தெரிஞ்சு கத்தரிக்காய்க்கு ஒரு கை, மருமவ இலைக்கு ரெண்டு கை. கல்லுப்பு வேற. பொறவு அலசினா மருந்துக்குப் பயந்து போட்ட உப்பு போயிரும்னு அப்படியே உலர்த்துகா."

பெமிலா முதலில் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"சித்தி, மாமிகிட்ட நீங்க சொல்லிராதீங்க. நான் சொல்லிக்கிடுதேன்."

என்னிடம் போய் இப்படிக் கேட்கலாமா? வாயில் கொழுக்கட்டையை வைத்துவிட்டு விழுங்காதே என்பதுபோல. ஆனாலும் மதிலடிக்குப் போய், காய்ந்த துணியையே மறுபடியும் உதறிக்கொண்டு நின்றேன். மாமியார் மருமகள் சண்டை இந்தத் தெருவில் பார்த்து நாளாயிற்று.

அக்கா குடையோடு வந்தாள். பெமிலா குடையை வாங்கி மடக்கினாள்.

"மாமி, ஒரு உபகாரம். இனிமே இலையில பாதியை எப்பவும் போல உப்புல போடுங்க. பாதியை நான் கொண்டுவாற காலேஜ் தண்ணியில மட்டும் கழுவுங்க. உப்பு வேண்டாம். ரெண்டும் தனித்தனியா வேணும்."

"எதுக்கு ரெண்டு?"

"உப்பு பட்டா திரியுது மாமி. உப்பு இல்லாட்டா வரும்னு நினைக்கேன். ரெண்டையும் வச்சுக் காட்டினாத்தான் கமிட்டி நம்பும்."

செல்லபாய் அக்கா மக்கு இல்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நான்தான் கெடுத்திருக்கேன்."

"மாமி..."

"மருந்து உனக்க கையில படப்பிடாதுன்னு பாத்தேன். உப்பு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"உப்பு போடுவீங்கன்னு எனக்குத் தெரியாது மாமி."

"தெரியாதோ? சரி. இனி இந்த வீட்டுல ஒண்ணுலயும் உப்பு இல்ல!"

சொன்னதைச் செய்தாள். அன்றைக்குக் கடியப்பட்டணத்து மீன்காரர் கொண்டுவந்த அயலையில் உப்பே போடாமல் கறி வைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் மதில்மேல் வந்தது, அதனால் நிச்சயமாகச் சொல்கிறேன். பின்முற்றத்து மேசையில் ரசலையன் மாமா ஒரு வாய் வைத்துவிட்டு ஊறுகாய்க்குக் கை நீட்டினார். அக்கா பார்த்த பார்வையில் கை திரும்பிவிட்டது. பெமிலா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, "இன்னும் கொஞ்சம் கறி ஊத்துங்க மாமி" என்றாள்.

கரண்டியை எடுத்த அக்கா அதைத் திரும்பச் சட்டியில் போட்டாள்.

"இதை எப்படிட்டி தின்னுக? வாயில வைக்க முடியுதா?"

"நீங்கதானே வச்சது."

அக்கா உள்ளே போய் உப்புப் பரணியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். ரசலையன் மாமாதான் முதலில் அள்ளினார்.

மறுநாளே கொய்யா மரத்தடியில் பாய் இரண்டாயிற்று. காவலுக்கு மாமா ஒருவர்தான். ஒரு பாயிலிருந்து ஓர் இலை பறந்து மற்றப் பாயில் விழுந்துவிடக் கூடாதே என்று அவர் பட்ட பாட்டை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

கமிட்டி வந்தது. உப்பில்லாத பொடியில் தேன் நிறம் ஏறியது. கரித் தாளின்மேல் வெள்ளி தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிய மைக்ராஸ்கோப்பில் எடுத்தார்களாம். உப்பில் ஊறிய இலைப் பொடி வெள்ளையாய்த் திரிந்தது. "இலையை எப்படிக் கழுவ வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது" என்று ஒரு பெரிய புரொஃபசரே சொன்னாராம். அத்தியாயம் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செல்லபாய் அக்கா போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குப்பி, ஒன்று தேன் நிறம், ஒன்று வெள்ளை.

"இந்தத் தேன் நிறம் பெமிலாக்க. இந்த வெள்ளை இருக்குல்லா, இது எனக்கதாக்கும்."

"கெட்டுப்போனதுல்லா அது?" என்றேன்.

"ஏட்டி ராஜபாய், உனக்கு ஒண்ணும் விளங்காது. இது இல்லாட்டா அதை யாரு நம்புவா?"

அன்று மத்தியானம் மதில்மேல் மறுபடியும் அயலைக் கறி வந்தது. சந்தோஷத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல். அக்காவிடம் சொல்லவில்லை. பெமிலாவிடம் மட்டும் சொன்னேன்.

"தெரியும் சித்தி" என்றாள். "நான் ரெண்டு தடவை கறி வாங்கித் தின்னாச்சு."