மல்லிகா போன வழி

எங்கள் கல்லூரி மலையேற்ற மன்றத்துக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. நாங்கள் எந்த மலையும் ஏறியதில்லை.

போன வருடம் ஏறியதாக மன்றத்தின் மூத்தவர்கள் ஒரு புகைப்படம் கொடுத்திருந்தார்கள். பாறைமேல் நின்று எல்லாரும் கையை உயர்த்தியிருந்தார்கள். பின்னால் மேகம். மேகத்துக்குப் பின்னால் கல்லூரியின் தண்ணீர்த் தொட்டி. ஆகவே இந்த வருடம் முதல்வர் நிபந்தனை போட்டார்.

"போட்டோ கீட்டோ வேண்டாம். மேப் ஆப்புல நடந்த வழி கோடாத் தெரியுமாமே, அந்தக் கோடு வேணும். கோடு உச்சியத் தொட்டிருக்கணும். இல்லன்னா திங்கக்கிழமை மன்றத்தக் கலைச்சு, உங்க மூணு பேரையும் கோலப்போட்டிக் குழுவுல சேத்துருவேன்."

மூன்று பேர் என்பது மன்றத்தின் முழுப் பலம். செயலாளர் நான், மைதீன். பொருளாளர் ஆல்பர்ட், பொருள் கிடையாது. தலைவி யாஸ்மின், என் சின்னம்மா மகள், தாவரவியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் மூவரில் மலை ஏற உண்மையிலேயே ஆசைப்பட்டவள் அவள்தான். கோலம் போட அறவே வராதவளும் அவள்தான்.

தேர்ந்தெடுத்தது தொப்பிமொட்டை. உத்தமபாளையத்தில் எந்த மாடியில் துணி காயப்போட்டாலும் மேற்கே தெரியும். காலையில் மேகத்தைத் தொப்பிபோலப் போட்டிருக்கும், பத்து மணி வாக்கில் கழற்றும். காப்புக்காட்டுக்கு வெளியே இருப்பதால் வனத்துறை எங்களைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் இன்னும் கௌரவமாக இருந்திருக்கும்.

பிறந்ததிலிருந்து பார்க்கும் மலைக்கு வழி மட்டும் யாருக்கும் தெரியவில்லை. இணையத்தில் தேடினால் கொடைக்கானல் ஓட்டல் அறைகள் வந்தன. 'தேனி அருகே ஏற வேண்டிய சிகரங்கள்' என்ற கட்டுரையில் பனி மூடிய சிகரத்தின் படம் இருந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவரைக் கேட்டோம். "ரோடு இருக்கா? ரோடு இருந்தாச் சொல்லு, சொல்றேன்" என்றார். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே, "இதுல என்னப்பா வழி? நேரா மேல போ" என்றார். அதைவிடச் சுருக்கமான வழிகாட்டி நூலை நான் படித்ததில்லை.

வியாழக்கிழமை மதியம், விலங்கியல் வகுப்பின் நடுவே, ஆல்பர்ட் என் தொடையைக் கிள்ளினான்.

"கெடச்சிருச்சுடா!"

நடைபதிவு ஆப் ஒன்றில் யாரோ ஒருவர் தொப்பிமொட்டைப் பக்கம் நாள் தவறாமல் ஏறி இறங்கியிருந்தார். சிவப்புக் கோடு, ஓடையைக் கடந்து, சரிவில் வளைந்து வளைந்து, மேலே மேலே போயிருந்தது. பெயர்: மல்லிகா.

அன்று சாயங்காலம் நாங்கள் மல்லிகாவை ஆராய்ந்தோம். விடிந்ததும் கிளம்புகிறார். அவசரமே படுவதில்லை. உச்சி வெயிலில் ஒரே இடத்தில் வெகுநேரம் ஓய்வு. மழை நாளில்கூட விடுப்பு எடுத்ததில்லை.

"என்னா ஸ்டாமினா!" என்றான் ஆல்பர்ட். அவன் குரல் கொஞ்சம் குழைந்தது.

"ஏலே, அவுக வயசு என்னன்னே தெரியாது" என்றாள் யாஸ்மின்.

"வயசுல என்ன இருக்கு? நடையப் பாரு. எவ்வளவு நிதானம்."

'மேடம், மேலே குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா?' என்று அவன் கருத்து போட்டான். பதில் வரவில்லை. பெரிய ஆட்கள் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். பாதுகாப்புக்கு வந்த உடற்கல்வி ஆசிரியர் அடிவாரத்துத் தென்னந்தோப்பில் கட்டிலைப் பார்த்ததும், அங்கிருந்தே மேற்பார்வை செய்ய முடிவெடுத்தார். யாஸ்மினின் போனைச் சின்னம்மா வாங்கி வைத்துக்கொண்டார்கள். மலையில் விழுந்துவிடுமாம். யாஸ்மின் விழலாம் போலிருக்கிறது.

மல்லிகாவின் கோட்டை ஓர் அடி விலகாமல் நடந்தோம். பாலம் இருந்தும் மல்லிகா ஓடைக்குள் இறங்கியிருந்தார், நாங்களும் இறங்கினோம். உண்ணிப் புதருக்குள் புகுந்திருந்தார்; நாங்களும் புகுந்து, சட்டையில் பாதியைப் புதருக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். ஓரிடத்தில் கோடு ஒரு வேங்கை மரத்தை மூன்று முறை சுற்றியிருந்தது.

"ஏன் சுத்தணும்?" என்றேன்.

"காரணம் இல்லாம மல்லிகா எதுவும் செய்யமாட்டாக" என்றான் ஆல்பர்ட்.

சுற்றினோம். யாஸ்மின் மட்டும் மரப்பட்டை வழவழவென்று தேய்ந்திருப்பதைப் பார்த்து எதையோ யோசித்தாள்.

அதற்கு மேல் பேச்சு குறைந்தது, மூச்சு கூடியது. மேகத்துக்குள் நுழைந்தோம். முகமெல்லாம் நனைந்தது. எலுமிச்சைபோல மணக்கும் போதைப் புல்லின் வாசம் மூக்கில் ஏற, நான்கடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் பாதி ஏற்றத்தால், மீதி சந்தோஷத்தால். திடீரென்று தரை சமமானது. போனில் கோடு முடிந்தது.

"உச்சி!" என்று ஆல்பர்ட் கத்தினான். குதித்தோம். கட்டிப்பிடித்தோம். நான் வெள்ளை மேகத்தின் முன்னால் வெள்ளை மேகத்தை விதவிதமாகப் படம் எடுத்து, என் போனின் சார்ஜ் தீரும்வரை வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். ஆல்பர்ட்டின் போன் பாட்டுப் பாடியே வழியில் உயிர் விட்டிருந்தது.

அப்போது தொப்பிமொட்டை தன் தொப்பியைக் கழற்றியது.

மேகம் விலகிய இடத்தில் ஒரு பெரிய பாறை மண்டை எங்களுக்கு மேலே நின்றது. உச்சி அங்கே இருந்தது. நாங்கள் நின்றது அதன் தோளில் ஒரு புல்வெளி.

கீழே எங்கிருந்தோ மணிச்சத்தம் கேட்டது. புதர் விலகி ஒரு செவலை மலைமாடு வந்தது, பின்னால் இன்னும் நாலைந்து, அவற்றுக்குப் பின்னால் தொரட்டிக் கம்போடு எங்கள் வயதுப் பையன் ஒருவன். முன்மாட்டின் கழுத்தில் மணியோடு சேர்த்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு போன் கட்டியிருந்தது.

யாஸ்மின் மாட்டைப் பார்த்தாள். பிறகு ஆல்பர்ட்டைப் பார்த்தாள்.

"இவ பேரு மல்லிகாவா?" என்று பையனிடம் கேட்டாள்.

"ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன். பெயர் கார்த்திக்ராஜ். தகப்பனாரின் மாடுகளைப் பகலில் மலையில் மேய்த்துச் சாயங்காலம் தொழுவில் அடைப்பது அவன் வேலை. "இவ அடிக்கடி தனியாப் போயி ஒளிஞ்சுக்குவா. எங்கன போறான்னு சாயங்காலம் பாத்து வச்சுக்கிட்டா மறுநாள் தேட வேண்டியதில்ல. வீட்டுல இருக்கற ஒரே டச் போனு இதுதான். ஆத்தா வையிறாக."

"அது நெட்ல எல்லாருக்கும் தெரியுது" என்றேன்.

"அய்யய்யோ! யாரு பாக்குறா?"

நாங்கள் ஆல்பர்ட்டைப் பார்க்காமல் இருந்தோம்.

"அந்த வேங்கை மரத்த எதுக்குச் சுத்துவா?" என்று ஆல்பர்ட் மெல்லிய குரலில் கேட்டான்.

"அரிப்பு" என்றான் கார்த்திக்ராஜ்.

யாஸ்மின் மட்டும் பாறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஏம்ப்பா, உச்சிக்கு எப்படிப் போறது?"

"மேலயா? மேல புல்லு இல்லையே. நான் போனதே இல்ல."

அவனுக்கும் தெரியாது. டீக்கடைக்கும் தெரியாது, ஜீப்புக்கும் தெரியாது, இணையத்துக்கும் தெரியாது. எனக்குக் கண் முன்னால் கோலப்போட்டியின் கலர் மாவு தெரிந்தது. எங்கள் போன் இரண்டும் செத்துவிட்டன. தப்பித் தவறி மேலே போனாலும் கோடு விழாது.

"ஓடுற போனு ஒண்ணு இருக்குல்ல" என்றாள் யாஸ்மின்.

எல்லாரும் மல்லிகாவின் கழுத்தைப் பார்த்தோம்.

"அவுக்க முடியாது" என்றான் கார்த்திக்ராஜ். "தொழுவுக்குப் போனாத்தான் கழுத்தத் தொட விடுவா. இங்கன தொட்டா முட்டித் தள்ளிருவா."

"அப்ப அவளும் வரட்டும்."

யாஸ்மின் பையைத் திறந்தாள். சின்னம்மா மதியத்துக்குக் கட்டிக்கொடுத்த பன்னீர் திராட்சை ஒரு கிலோ இருந்தது. ஒரு கொத்தை நீட்டினாள். மல்லிகா நாக்கைச் சுழற்றி, காம்போடு வாங்கிக்கொண்டு, இன்னொன்று எங்கே என்று பார்த்தது.

"ஏலே, நீ இடப்பக்கம் பாரு. ஆல்பர்ட்டு, வலப்பக்கம். செங்குத்தா இருந்தா வேணாம், மாடு ஏறணும்."

நான் போன பக்கம் ஒரு பள்ளத்தில் முடிந்தது. அவசரமாகத் திரும்பினேன். ஆல்பர்ட் வலப்பக்கமிருந்து கத்தினான்: "வாங்கடா! பாறை பிளந்து சாய்மானமாக் கெடக்கு! மண்ணு இருக்கு, கால் நிக்கும்!"

ஓடினோம். பிளவு மாட்டு வண்டி அகலம் இருந்தது. யாஸ்மின் முன்னால் திராட்சையை ஆட்டிக்கொண்டே பின்நடையாக ஏறினாள். மல்லிகா மணியடித்துக்கொண்டு தொடர்ந்தது. மற்ற மாடுகளைப் புல்வெளியில் விட்டுவிட்டு, கார்த்திக்ராஜ் எங்களைவிட வேகமாக வந்தான். வளைவில் பாதை அடைபட்டதுபோல் தெரிந்தது; எட்டிப் பார்த்தால் இன்னும் ஒரு திருப்பம். திராட்சை குறையக் குறைய எங்களுக்குப் படபடப்பு ஏறியது.

"எத்தன கொத்து இருக்கு?" என்றான் ஆல்பர்ட்.

"பேசாம ஏறுடா!"

கடைசிக் கொத்தை யாஸ்மின் கையில் பிடித்தபோது அவளுக்குப் பின்னால் பாறை முடிந்து வானம் மட்டும் இருந்தது. மல்லிகா அதையும் வாங்கிக்கொண்டு, உச்சியின் நட்டநடுவில் நின்று, அசைபோட ஆரம்பித்தது.

காற்று எங்களைத் தள்ளியது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் கிடந்தது: முல்லையாற்றின் வாய்க்கால்கள், வயல், திராட்சைப் பந்தல், தென்னை, தூரத்தில் காற்றாலைகள் தீப்பெட்டிக் குச்சி அளவில். நான் ஏதாவது நக்கலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சும்மா கத்தினேன்.

"ஏய், அங்கன பாருங்க, எங்க தொழு!" என்று கார்த்திக்ராஜ் குதித்தான். "இத்தன வருசமா இதுக்குக் கீழயே நின்னுருக்கேன்!"

யாஸ்மின் மல்லிகாவின் நெற்றியில் கை வைத்தாள். அது முட்டவில்லை.

திங்கட்கிழமை முதல்வர் கம்ப்யூட்டரில் மூக்கு இடிக்கக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிவப்புக் கோடு உச்சியைத் தொட்டிருந்தது. தொட்டதோடு நில்லாமல் அங்கே வெகுநேரம் நின்றுமிருந்தது.

"பரவாயில்லையே" என்றார். "மன்றம் இருக்கட்டும். அது யாரு மல்லிகா? நம்ம பிள்ளையா?"

நான் ஆல்பர்ட்டைப் பார்த்தேன். ஆல்பர்ட் தரையைப் பார்த்தான்.

"எங்களுக்கு வழி காட்டுனது அதுதான் சார்" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"நல்ல பொண்ணு. எந்த டிபார்ட்மென்ட்?"

யாஸ்மின் கொஞ்சமும் சிரிக்கவில்லை.

"புல்லு, செடிதான் சார் முழுநேரமும்" என்றாள். "பாட்டனின்னு வச்சுக்கங்களேன்."